தாளிப்பு எட்டாத சுவர் எது?

சமையலறையில் கண்ணாடி போட்டு மாட்டிய படத்தின் மேல் ஒரு வருடம் கழித்து விரலால் பெயர் எழுதலாம். கண்ணாடி போடாமல் மாட்டியிருந்தால் அதுவும் முடியாது, படமே வேறாகியிருக்கும். கூடத்துக்குப் படம் தேடும்போது எது அழகு என்று பார்த்தால் போதும். அடுப்படிக்கு முதலில் கேட்க வேண்டியது, எதைத் துடைக்க முடியும் என்பது. அழகு இரண்டாவதாக வரட்டும்.

காரணம் நம் சமையல்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தாளிப்பு, வாரத்துக்கு ஒருமுறையாவது அப்பளமோ வடையோ பூரியோ. கடுகு வெடிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். மேடையைத் துடைக்கும்போது அதுவும் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் பொடித் துளியாகக் காற்றில் ஏறுவதுதான் சுவரைத் தேடிப் போகிறது. அங்கே படிந்தபின் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி, மெல்ல இறுகிப் பிசினாகிறது. ஓவியர்கள் வண்ணத்தில் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கெட்டியாவதும் இதே வேதிவினைதான். சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் இப்படி இறுகும் குணம் உள்ளவை. தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது, வழவழவென்றே கிடக்கும். அதனால்தான் சில வீடுகளில் பிசுக்கு ஒரு துடைப்பில் வந்துவிடுகிறது, சில வீடுகளில் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் மாட்டுகிற எந்தப் படத்துக்கும் உங்கள் அடுப்பே தினம் ஒரு கோட் வார்னிஷ் அடித்துக்கொண்டிருக்கிறது. அதில் தூசியும் கலந்திருக்கும்.

ஆகவே படம் வாங்கப் போகுமுன் ஒரு சோதனை. ஒரு ஏ4 வெள்ளைத்தாளை நான்காகக் கிழித்து, படம் மாட்டலாம் என்று நினைக்கும் நான்கு இடங்களில் செல்லோ டேப் போட்டு ஒட்டுங்கள். பின்னால் எந்த இடம் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வழக்கம்போலச் சமையுங்கள். நடுவில் ஒருநாள் பலகாரமும் சுடுங்கள். பிறகு தாள்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வடை மடித்த தாள் மாதிரி ஊடே வெளிச்சம் தெரிகிற புள்ளிகள் எதில் அதிகமோ, அந்த இடம் ஓவியத்துக்கு ஆகாது. தாள் நெளிந்திருந்தால் அங்கே ஆவி சேர்கிறது. புள்ளியும் இல்லாமல் நெளிவும் இல்லாமல் வந்த தாளின் இடம்தான் உங்கள் வீட்டில் தாளிப்பு எட்டாத சுவர்.

முடிவு பல சமயம் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கும். அடுப்புக்கு நேர் பின்னால் உள்ள சுவர் மோசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுப்புக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் நடுவில் கிடக்கும் சுவர் அதைவிட மோசமாக இருப்பதுண்டு. புகை போகிற பாதை அது, போகிற வழியெல்லாம் எண்ணெயை இறக்கிவிட்டுத்தான் போகும். அடுப்புப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்து காற்று உள்ளே அடிக்கிற வீடாக இருந்தால் எதிர்ச்சுவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். சிம்னி இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பொரிக்கும்போது மட்டும் சிம்னியைப் போட்டுவிட்டு, தாளிப்பதற்கு எதற்கு என்று விட்டுவிடுவதுதான் நடைமுறை.

சோதனை என்ன சொன்னாலும் சில இடங்கள் வேண்டாம். அடுப்புக்கு மேலே எதுவும் கூடாது. படத்தைத் துடைக்கவோ நேராக்கவோ எரியும் தீக்கு மேல் கை நீட்ட வேண்டிவரும். பர்னரிலிருந்து பக்கவாட்டில் 3 அடிக்குள் தாள், துணி, ஓலை, மெல்லிய மரம் எதுவும் வேண்டாம். குக்கர் வழக்கமாக வைக்கும் பர்னருக்குப் பக்கச்சுவரும் அப்படித்தான். துவரம்பருப்பு நுரைத்து விசிலோடு சேர்ந்து தெறித்தால் மஞ்சள் கறை நிச்சயம். சிங்க் பக்கம் எண்ணெய் குறைவு, ஆனால் போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்து கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி வைக்கும்.

எதை மாட்டலாம்

முதலில் மாட்டக் கூடாதவை. கேன்வாஸில் அச்சடித்த படங்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, கடைக்காரரும் கண்ணாடி தேவையில்லை என்று விற்பார். அடுப்படிக்கு அவை சுத்தமாகச் சரிப்படாது. துணி நெசவின் இடுக்கில் இறங்கிய எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை. துடைக்கத் துடைக்க உள்ளேதான் போகும். பனையோலைப் பின்னல், வண்ணம் தீட்டிய முறம், சணல் தொங்கல் எல்லாமே இந்த வகை. சுடுமண் பொம்மைகளும் பலகைகளும் எண்ணெயைக் குடிக்கும். செம்மண் நிறம் ஒரு வருடத்தில் கருஞ்சிவப்பாகிவிடும். தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் சுண்ணமும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, அதன் மேல் தங்கத்தாள் ஒட்டியிருப்பார்கள். தினமும் ஆவி படுகிற அறையில் பலகை உப்பிச் சுருங்க, மேட்டில் மயிரிழை விரிசல் விழும். அது பூஜை அறைக்கோ கூடத்துக்கோ உரியது. 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் பழைய ஓலியோகிராஃப், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் அச்சுப்படம், ஏதாவது தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருந்தால், அதைச் சமையலறையிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அதே தஞ்சாவூரில் அடுப்படிக்கென்றே செய்தாற்போல இன்னொரு கலை இருக்கிறது. கண்ணாடி ஓவியம். 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து இங்கே வேரூன்றிய முறை. கண்ணாடியின் பின்பக்கத்தில், கண்ணும் நகையும் போன்ற நுணுக்கங்களை முதலில் வரைந்து, பின்புலத்தைக் கடைசியில் பூசுவார்கள். நாம் பார்ப்பது முன்பக்கத்தை. வண்ணம் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்க, முன்பக்கத்தை ஜன்னல் கண்ணாடி போலத் துடைக்கலாம். பலவீனம் ஒன்றுதான். பின்னாலிருந்து ஈரம் ஏறினால் வண்ணம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். வாங்கும்போதே பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சுற்றிலும் பிரவுன் டேப் போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபிரேம் கடையில் ஐந்து நிமிட வேலை.

எனாமல் பூசிய தகடுகளும் தட்டுகளும் எனக்கு அடுத்த தேர்வு. பழைய கடைப் பலகை, நீல விளிம்பு போட்ட வெள்ளைத் தட்டு, எதுவானாலும் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவலாம். விளிம்பில் எனாமல் தெறித்த இடத்தில் மட்டும் துருப்பிடிக்கும். அங்கே நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துவிட்டால் வருடக்கணக்கில் தாங்கும். பீங்கான் தட்டு வரிசையும் நன்று.

பித்தளை அழகுதான், ஆனால் வேலை வாங்கும். ஆப்பக்கரண்டி, சல்லடைக்கரண்டி, முறுக்கு அச்சு என்று வரிசையாகத் தொங்கவிட்டால் அடுப்படிக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் கிடையாது. ஆனால் ஆவி பட்டு மங்கும், புளி போட்டுத் துலக்க வேண்டும். துலக்கியதைச் சொட்டச் சொட்டத் திரும்ப மாட்டினால் சுவரில் பச்சைக் கோடு இறங்கும். நன்றாகத் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, பிறகுதான் மாட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் மங்கிய நிறத்தையே அழகென்று வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அதுதான் பிடிக்கிறது.

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்களில் நான்கைச் சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. பார்வைக்கு ஓடு போல இருந்தாலும் அது சூளையில் சுட்ட பீங்கான் அல்ல; கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்து ஊற்றி வார்த்த சிமெண்ட். புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் அரிக்கும், பிறகு எதைப் போட்டாலும் அந்தத் தடம் போகாது. கனமும் அதிகம். 8 அங்குலச் சதுரக் கல் ஒன்று 2 கிலோவை நெருங்கும். நான்கு கல்லும் சட்டமும் சேர்ந்தால் 9, 10 கிலோ. அதற்கு ஒட்டும் கொக்கி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாளில் உள்ள படம்தான் வேண்டும் என்றால் மாட்டலாம், ஆனால் அசலை அல்ல. பாட்டியின் கையெழுத்தில் உள்ள ஊறுகாய்க் குறிப்பைச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டுவது நல்ல யோசனை. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத மேட் தாளில், பொடி நிறமி கலந்த பிக்மென்ட் மையில் அச்செடுத்து அந்த நகலை மாட்டுங்கள். சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரின் சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். வெயில் படுகிற சலூன் கண்ணாடியில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் கடைசியில் நீலமாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும். அசல் தாள் பீரோவிலேயே இருக்கட்டும்.

டைல்ஸ் கடைகளில் விற்கும் ஹைலைட்டர் டைல் பற்றி ஒரு வார்த்தை. காபி கோப்பை, திராட்சைக் கொத்து, வெட்டிய ஆரஞ்சுப் பழம். நம் சமையலறைகளில் திராட்சைக் கொத்துக்கு என்ன வேலை என்று இன்றுவரை விளங்கவில்லை. பிடிக்காமல் போனால் கழற்ற முடியாது என்பதுதான் உண்மையான குறை. வீடு கட்டும்போது சுவரை வெற்று டைலாக விட்டுவிட்டு, பிறகு படத்தை மாட்டிக்கொள்வதே மேல்.

சைன்போர்டு கடைகளில் ஃபோம் ஷீட்டிலும் ஏசிபி எனப்படும் அலுமினிய மேல்பூச்சுத் தகட்டிலும் யுவி ஒளியில் காயவைக்கும் அச்சு போட்டுத் தருகிறார்கள். துடைக்கச் சுலபம், எடையும் குறைவு. ஆனால் ஃபோம் ஷீட் என்பது பிவிசி, சூட்டில் இளகி வளையும். ஏசிபி தகட்டின் நடுவில் இருப்பதும் பிளாஸ்டிக்தான், அது எரியக்கூடியது. அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் சுவருக்கு மட்டும் இவை.

சட்டமும் கண்ணாடியும்

கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால் அடுப்படிக்குக் கண்ணாடி. அக்ரிலிக் எடை குறைவு, விழுந்தால் உடையாது. ஆனால் பிசுக்கைத் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்து ஒரு வருடத்தில் பனிமூட்டமாகும். குழந்தைகள் ஓடுகிற பாதையில் மாட்டுவதாக இருந்தால் மட்டும் அக்ரிலிக் போடுங்கள், துடைக்கப் பனியன் துணி மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணாடியின் எடைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ. 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு 3 மிமீ கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டும் ஒரு கிலோ. சட்டமும் பின்பலகையும் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொண்டு கொக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. ஆவியின் ஈரத்தில் அச்சு மை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், கழற்றும்போது படம் பாதி அதோடு வரும். நடுவில் மவுண்ட் போர்டு என்னும் கெட்டி அட்டை விளிம்பு வைத்தால் ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், அது போதும். ஃபிரேம் கடைகளில் பின்னால் ஹார்டுபோர்டு வைத்து, நாலு குட்டி ஆணி அடித்துத் தந்துவிடுவார்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் இராமபாணப் பூச்சி உள்ளே போய்த் தாளைத் தின்கிறது. சுற்றிலும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். சட்டம் அலுமினியமோ வார்த்த ஃபைபரோ இருக்கட்டும். பூ வேலைப்பாடு செதுக்கிய பீடிங் வேண்டாம், ஒவ்வொரு இதழின் மடிப்பிலும் பிசுக்கு சேர்ந்தால் பல் துலக்கும் பிரஷ் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை யாரும் யோசிப்பதில்லை. இதமான சூடு, இருட்டு, அரை சென்டிமீட்டர் இடுக்கு. கரப்பான் பூச்சிக்கு இதைவிட நல்ல வீடு அமையாது, பல்லிக்கும் அப்படியே. இதற்கு இரண்டே வழி. தகடு, தட்டு போன்றவற்றைச் சுவரோடு சுவராகச் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடலாம், இடுக்கே இருக்காது. மாட்டும் சட்டமானால் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டி, மாதம் ஒருமுறை கழற்றிப் பின்னால் பார்க்க வேண்டும். ரப்பர் குமிழுக்கு இன்னொரு பயனும் உண்டு. மிக்ஸியும் கிரைண்டரும் ஓடும்போது மேடை அதிர, சுவரும் லேசாக அதிரும். ஒற்றை ஆணியில் கயிற்றில் தொங்கும் படம் தினம் ஒரு நூல் சாய்ந்துகொண்டே போகும். குமிழ் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த உயரம்

ஓவியக்கூடங்களில் படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். 5 அடி உயரமுள்ளவரின் கண் மட்டம் ஏறத்தாழ 56 அங்குலம், ஆகவே நம் வீடுகளுக்கு 57 என்பது சரியான அளவு. கதவுப் பக்கச் சுவர், சாப்பாட்டு மேசைக்குப் பக்கச் சுவர் என்று தரைவரை காலியாக உள்ள இடங்களில் இதைப் பின்பற்றுங்கள். ஆணி அடிக்க வேண்டிய உயரத்துக்குக் கணக்கு: மைய உயரம், அதோடு படத்தின் உயரத்தில் பாதி, அதிலிருந்து சட்டத்தின் மேல் விளிம்புக்கும் கொக்கி வளையத்துக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 16 அங்குலப் படம், வளையம் மேலிருந்து 3 அங்குலம் கீழே என்றால் 57 + 8 - 3 = 62 அங்குலம். கயிறு கட்டியிருந்தால் அதை இழுத்துப் பிடித்த நிலையில் அளக்க வேண்டும். தொய்வாக அளந்துவிட்டு, மாட்டியபின் படம் ஏன் கீழே இறங்கிவிட்டது என்று திரும்ப ஓட்டை போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

மேடைக்கு மேலே இந்தக் கணக்கு செல்லாது. மேடை 33 அங்குலம், அதன் மேல் 2 அடி டைல், ஆக 57 அங்குலத்தில் டைல் முடிகிறது. பரண் 7 அடியில், அதாவது 84 அங்குலத்தில் தொடங்குகிறது. நடுவில் மிஞ்சுவது 27 அங்குலச் சுவர். இதில் 18 அங்குலத்துக்கு மேல் உயரமான படம் வைத்தால் மூச்சுமுட்டும். சரிநடுவில் வைக்காமல், கீழே 4 அங்குலமும் மேலே 5 அங்குலமும் விட்டு டைலை ஒட்டினாற்போல வையுங்கள். நடுவில் வைத்தால் அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். படம் கண் மட்டத்துக்கு மேலே போய்விடுவதால் ட்யூப்லைட் கண்ணாடியில் தெரிந்து படத்தை மறைக்கும். சட்டத்தின் மேல்பக்கம் ஒரு சென்டிமீட்டர் முன்னால் சாயும்படி வைத்தால் சரியாகிவிடும். வளையங்களைச் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கிப் பொருத்திக் கயிற்றில் தொங்கவிட்டாலே படம் தானாக முன்னால் சாயும். அப்படிச் செய்யும்போது நைலான் கயிறு வேண்டாம், சூட்டில் நீண்டுகொண்டே போகும். பின்னிய கம்பி வாங்குங்கள்.

ஓட்டை போடுமுன், படத்தின் அளவுக்கு நாளிதழை வெட்டி, கொக்கி வரும் புள்ளிகளை அதில் குறித்து, சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பரண் கதவு இடிக்கிறதா, ஃப்ரிட்ஜ் கதவு திறந்தால் முட்டுகிறதா, குழம்புச் சட்டியைத் தூக்கித் திரும்பும்போது முழங்கை படுகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஆனால் பக்கத்தில் டைல் வரிசை இருந்தால் ரசமட்டத்தைவிட டைல் கோட்டுக்கே மரியாதை. கொத்தனார் ஒரு நூல் சரித்து ஓட்டியிருந்தால், நீங்கள் துல்லியமாக மட்டம் பார்த்து மாட்டிய படம்தான் கோணலாகத் தெரியும்.

ஓட்டை

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் போகும், பக்கவாட்டிலும் போகலாம். குழாய்க்கும் அதே விதி. சிங்க் குழாயிலிருந்து வாட்டர் பியூரிஃபயருக்கு இழுத்த லைன் சுவருக்குள்ளேயே குறுக்கே கிடக்கலாம். இந்தக் கோடுகளிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். மின்பெட்டியில் சமையலறைக்கான எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுங்கள்.

செங்கல் சுவருக்கு 6 மிமீ மேசனரி பிட், 6 மிமீ பிளாஸ்டிக் பிளக், அதற்கு 4 மிமீ கனத்தில் 40 மிமீ நீளமுள்ள ஸ்க்ரூ. மூன்று நான்கு கிலோவரை இது தாராளம். ஓட்டை 45 மிமீ ஆழம் வேண்டும். உள்பூச்சே 12 மிமீ இருக்கும், அதன் மேல் பட்டி வேறு. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். பூச்சோடு நின்றுவிட்ட பிளக் முதலில் கெட்டியாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் ஒருநாள் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். பிட்டில் 45 மிமீ அளந்து இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. தூளைப் பிடிக்க, ஓட்டைக்குக் கீழே பழைய தபால் உறை ஒன்றை வாய் திறந்தபடி ஒட்டிவிடலாம். போட்ட ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக் அடித்தால் பிடிக்காது. ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

புதிய அடுக்குமாடிகளில் சுவர் செங்கல்லாக இருக்காது. தட்டினால் மந்தமான ஒலி வந்து, பிட் வெண்ணெய்க்குள் போவது போல இறங்கி, வெள்ளைத் தூள் கொட்டினால் அது ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமெண்ட் கல். டிரில் தட்டித் தட்டித் துளைக்கும் ஹேமர் மோடை அணைத்துவிட்டு 5 மிமீ பிட்டால் போட்டு, அதில் 6 மிமீ கனமுள்ள நீளமான நைலான் பிளக்கை இறுக்கமாக அடிக்க வேண்டும். மாறாக, பிட் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் அலறினால் அது முழுக் கான்கிரீட் சுவர். வீட்டு டிரில் போதாது, ரோட்டரி ஹேமர் வாடகைக்கு எடுங்கள். நடுவில் திடீரென்று நின்று பொறி பறந்தால் கம்பி. அழுத்தாமல் 2 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

ஓட்டை பெரிதாகிப் பிளக் சுற்றினால் தீக்குச்சி சொருகுவது நம் பரம்பரை வழக்கம். காலண்டருக்குச் சரி, கண்ணாடிப் படத்துக்கு வேண்டாம். எம்-சீல் பிசைந்து ஓட்டையில் அடைத்து, பிளக்கை அழுத்தி, ஒரு நாள் காயவிட்டால் கல் மாதிரி நிற்கும். பூச்சே மாவாகக் கொட்டுகிறது என்றால் அந்தச் சுவரில் ஈரக்கசிவு இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் அது இன்னும் மோசமாகும். படத்தை உள்தடுப்புச் சுவருக்கு மாற்றுங்கள்.

டைலில் ஓட்டை போடுவது தனிக் கலை. முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றொலி கேட்டால் பின்னால் சாந்து நிரம்பவில்லை, அந்த டைல் விரியும், வேறிடம் பாருங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள். இடத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் குறியிட்டால் பிட் வழுக்காது. ஹேமர் மோடு கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். டைல் உடைகிற பத்துக் கதையில் ஒன்பது இங்கேதான் தொடங்குகிறது. சாதாரணச் செராமிக் சுவர் டைலுக்கு ஈட்டிமுனை டைல் பிட் போதும். விட்ரிஃபைட் டைல் என்றால் டைமண்ட் பிட்தான். மெதுவான வேகம், லேசான அழுத்தம், அவ்வப்போது நனைத்த ஸ்பான்ஜால் ஈரம். தண்ணீர் டிரில்லுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைலைத் தாண்டியதும் நிறுத்தி, மேசனரி பிட்டுக்கு மாறி, அப்புறம்தான் ஹேமர். பிளக்கை டைல் மட்டத்துக்கு உள்ளே ஒரு நூல் இறக்கிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ முடுக்கும்போது பிளக் விரிந்து டைலைப் பிளந்துவிடும்.

வாடகை வீடு

ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லும் வீடுகளில், டைல்தான் உங்கள் நண்பன். ஒட்டும் கொக்கியும் பட்டையும் வழவழப்பான டைலில் நன்றாகப் பிடிக்கும், டிஸ்டெம்பர் சுவரில் பெயிண்டையே உரித்துக்கொண்டு வரும். ஒட்டுமுன் பாத்திரம் துலக்கும் லிக்விட் போட்டுப் பிசுக்கை எடுத்து, காயவிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைக்க வேண்டும். முப்பது வினாடி அழுத்திப் பிடித்து, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடை ஏற்ற வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் எடையில் பாதியை மட்டும் நம்புங்கள், மீதியை மே மாதம் வாங்கிக்கொள்ளும்.

பீங்கான் தட்டு, எனாமல் தகடு ஆகியவற்றை டைலில் ஒட்டச் சிலிக்கான் போதும். ட்யூபைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகை பித்தளையையும் கண்ணாடியின் ரசத்தையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் முழுக்கப் பூசாமல் பட்டாணி அளவில் ஐந்தாறு பொட்டு வைத்து, மாஸ்கிங் டேப்பால் 24 மணி நேரம் பிடித்து வையுங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு இழுத்து இடுக்கை மூடுவது அதற்கு அப்புறம். வீடு காலி செய்யும்போது தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் டைலும் தட்டும் பிழைக்கும்.

கடப்பா அலமாரி உள்ள பழைய வீடானால் இன்னும் சுலபம். கல்லின் விளிம்பில் மாட்டும் எஸ் கொக்கியில் பித்தளைக் கரண்டிகளைத் தொங்கவிடலாம். மேல் தட்டில் படத்தைச் சாய்த்து வைத்து, அடியில் வழுக்காதபடி ரப்பர் விரிப்புத் துண்டு போடலாம்.

துடைப்பது

எந்தக் காரணத்துக்காகவும் சட்டத்தின் மேல் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தண்ணீர் கண்ணாடியின் கீழ் விளிம்பில் இறங்கி, சட்டத்துக்குள் ஊறி, மவுண்ட் போர்டில் பழுப்புக் கோடாக மேலே ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு சொட்டுப் பாத்திர லிக்விட், அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு உலர்துணி. மாதம் ஒருமுறை செய்தால் பிசுக்கு இறுக நேரம் கிடைக்காது. தீபாவளிக்குத் தீபாவளிதான் என்றால், இறுகிய பிசினின் மேல் அதே சோப்புத் துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்து ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். சமையல் சோடாவைக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் பயன்படுத்தலாம், அலுமினியச் சட்டத்தில் பட்டால் நிறம் கறுக்கும். போர் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிக்கு எலுமிச்சைத் தோல். ஆத்தங்குடிக் கல் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, தினசரி காலண்டர். எத்தனை ஓவியம் மாட்டினாலும் பால் கணக்கும் சிலிண்டர் போட்ட தேதியும் எழுத அது இல்லாமல் நடக்காது. தினமும் தாள் கிழிக்கிற இழுவை விழுவதால் அதன் எடைக்கு மீறிய பிடிமானம் தேவை; வெறும் கான்கிரீட் ஆணி அடிக்காமல், 6 மிமீ பிளக்கே போட்டுவிடுங்கள். கதவுப் பக்கம், கை எட்டும் உயரம், படங்களிலிருந்து ஓரடியாவது தள்ளி. பென்சில் கட்டும் நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், கதவில் மாட்டும்.